உப்புக்காற்றில் உதிரும் பெயர்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் முன்னாள் படைவீரர்களுக்கான இறுதிச் சேவைகள், ஒரு மதிப்பீடு

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், இராமேசுவரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் உள்ள ஊர்களில் ஒரு முன்னாள் படைவீரர் இறந்துவிட்டால், அவருடைய குடும்பத்துக்கு அரசின் வழியாக என்னென்ன கிடைக்கின்றன, அவை எந்தத் தரத்தில் இருக்கின்றன என்பதை இங்கே எழுதுகிறேன். நானும் சீருடை அணிந்து ஓய்வு பெற்றவன். ஊர்க்காரர்களுக்கு வீரர்களின் பணி ஆவணங்களைப் பேணும் ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், படிவம் நிரப்பித் தருவதும், துக்க வீட்டில் உடன் நிற்பதும் ஓய்வுக்குப் பின் எனக்கு வழக்கமாகிவிட்டன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தையும் காகிதத்தையும் பொறுத்தவரை அரசின் சேவை நம்பத் தகுந்தது. இறுதி மரியாதை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுகிறது. அடக்கம் செய்த இடத்தையும், அங்கே நிற்க வேண்டிய பெயரையும் பொறுத்தவரை சேவை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர் என்பதால் இதற்காக வெளியூர் அலைய வேண்டியதில்லை. சான்றிதழ் கிடைத்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அவர் பணியாற்றிய பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கும், ஓய்வூதியம் எந்த வழியில் வந்ததோ அதற்கேற்ப ஸ்பர்ஷ் என்னும் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளத்துக்கோ வங்கிக்கோ தகவல் தர வேண்டும். ஓய்வு பெற்ற பின் இறந்தவருடைய மனைவிக்கு ஏழு ஆண்டுகள், அல்லது கணவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உயர்த்தப்பட்ட குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதன்பின் சாதாரண விகிதம். ஈமச்சடங்கு உதவிக்கான விண்ணப்பத்தையும் நல அலுவலகத்திலேயே கொடுக்கலாம். இந்த ஏற்பாடுகளில் எனக்குப் பெரிய குறை இல்லை.

சிக்கல் வருவது பெயரில்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஏதோ ஒரு பட்டாலியன் அலுவலகத்தில், தமிழ் அறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பதிவு செய்த மனைவியின் பெயர், இன்றைய ஆதார் அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. ஒன்றில் 'அம்மாள்' இருக்கும், மற்றொன்றில் விழுந்துபோயிருக்கும். ஒன்றில் கணவரின் பெயர் முழுதாக நிற்கும், மற்றொன்றில் வெறும் முன்னெழுத்து. ஒரு வங்கிக் கிளையில் இந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்காக, கணவரை இழந்து துக்கம் ஆறாத ஒரு தாயைத் திரும்பத் திரும்ப வரவழைத்ததை நான் உடனிருந்து பார்த்தேன். அங்கே ஒருவர்கூட நாற்காலி எடுத்துப் போடவில்லை. ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்கள் உயிரோடிருக்கும்போதே குடும்ப விவரங்களைப் பதியும் படை ஆணையான பார்ட் டூ ஆர்டரில் மனைவி, மக்கள் பெயரைச் சரிபார்த்துத் திருத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரியில் உள்ள வெலிங்டனிலேயே இருக்கிறது; மற்றப் பிரிவினர் தங்கள் ஆவணம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை வீட்டாருக்கு எழுதி வைத்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது, இறுதி நாளின் மரியாதை. பணியில் இருக்கும்போது வீரமரணம் அடைந்தவரின் உடல் ஊருக்கு வரும்போது, அரசு தன் முழு உருவத்தோடு வருகிறது. மாவட்ட ஆட்சியர் வருகிறார், படைப்பிரிவினர் வருகின்றனர், குண்டுகள் முழங்குகின்றன, லாஸ்ட் போஸ்ட் என்னும் இறுதி இசை ஊதப்படுகிறது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லையில் பனியிலும் பாலைவனத்திலும் தம் இளமையைக் கழித்துவிட்டு, ஊர் திரும்பி, எழுபது வயதுக்கு மேல் சர்க்கரையாலோ மாரடைப்பாலோ இறப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, பெரும்பாலும் அவருடைய பழைய தோழர்கள் எத்தனை பேர் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கம் வலுவாக உள்ள ஊரில் மலர்வளையமும் வணக்கமும் உண்டு. சங்கம் இல்லாத ஊரில் வெறும் பறையும் சங்கும்தான்.

கொடியைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குடும்பத்தினர் அன்பினால் செய்யும் காரியம் சட்டத்தோடு மோதிவிடுகிறது. தேசியக் கொடியை உடல்மீது போர்த்துவது அரசு மரியாதையோடும் படை மரியாதையோடும் நடக்கும் இறுதிச்சடங்குகளுக்கு உரியது என்று 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் கொடி நெறிமுறையும் வரையறுக்கின்றன. அப்படிப் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடி குழிக்குள் இறங்கவும் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. தேவிபட்டினத்துக்கு அருகில் ஓய்வு பெற்ற நாயப் சுபேதார் ஒருவருடைய அடக்கத்தில், அண்ணன் மகன் கடையில் வாங்கிவந்த கொடியை உடல்மீது விரிக்கப் போனான். வயதில் மூத்த முன்னாள் ஹவில்தார் ஒருவர் அவன் தோளில் கை வைத்து, "தம்பி, அதை மடிச்சுக் கையில வை. குழிக்குள்ள போற துணி இல்லப்பா அது. சித்தப்பாவோட தொப்பியையும் மெடலையும் நெஞ்சுமேல வை, அதுவே போதும்" என்றார். அவனும் "சரிங்க பெரியப்பா" என்று மடித்துக்கொண்டான். இதை எடுத்துச் சொல்ல அன்று ஒரு பெரியவர் இருந்தார். எல்லாத் துக்க வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இறப்புச் செய்தி வந்த அன்றே நல அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நின்று முறைகளைச் சொல்வதையும், மாவட்டத்தின் சார்பில் ஒரு மலர்வளையம் வைப்பதையும் பதவி வேறுபாடு பாராமல் எல்லோருக்கும் உரிய சேவையாக அறிவிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இனி, இந்த மதிப்பீட்டின் உயிரான பகுதிக்கு, நிலத்துக்கு வருகிறேன். எங்கள் கடற்கரையில் அடக்கம் மூன்று இடங்களில் நடக்கிறது. கத்தோலிக்க மீனவர் பங்குக் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கப்படுகின்றனர். இசுலாமியர் ஜமாஅத்தின் கபர்ஸ்தானில். இந்துக்கள் அவரவர் ஊர் மயானத்தில் புதைக்கவோ எரிக்கவோ படுகின்றனர். கோவிலும் ஜமாஅத்தும் தங்கள் இடத்தை ஓரளவு பேணிவிடுகின்றன. ஊர் மயானம் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பு. பாதை போடுவதும், எரிமேடை கட்டுவதும், தண்ணீர்த் தொட்டி வைப்பதும் நடக்கின்றன. தனித்தனிச் சமாதியைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலையும் அன்று. ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு எழுந்துவிடும். முள்ளை வெட்டாமல் உள்ளே காலடி வைக்க முடியாது.

அப்படி ஒரு மயானத்தில் நான் பார்த்த சமாதி ஒன்றை விவரிக்கிறேன். முழங்கால் உயரச் சிமென்ட் மேடை. தலைமாட்டில் சிமென்ட் பலகை. பலகையில் எனாமல் பெயிண்டால் பெயர், படை எண், ரெஜிமென்ட், தோற்றம், மறைவு எல்லாம் எழுதியிருந்திருக்கிறார்கள். பெயரின் முதல் பாதி உரிந்துபோய்விட்டது. படை எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டும் நீல நிறத்தில் மிஞ்சியிருந்தன. பலகையின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் துரு ஏறி வீங்கிய கம்பி தெரிந்தது. கடலோரத்தில் இது எல்லாச் சமாதிக்கும் நேர்வதுதான். உப்பு கலந்த மணலையும் தண்ணீரையும் கொண்டு கலவை போட்டால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமென்டையே உடைத்து வெளியே வந்துவிடும். ஆண்டுதோறும் நினைவுநாளுக்கு முன் அவருடைய மனைவி வந்து எழுத்தின்மேல் மறுபடி பெயிண்ட் பூசிவந்தார் என்று பக்கத்தில் ஆடு மேய்த்தவர் சொன்னார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபின் பூசுவார் இல்லை. மகன்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் நாட்டுக்காக நின்ற ஒருவருடைய பெயர், அவர் மனைவியின் முழங்காலை நம்பி நிற்கிறது. இதைத்தான் நான் குறையென்று சொல்லுகிறேன். இது அந்தக் குடும்பத்தின் குறை அன்று.

உப்புக்காற்றில் எதுவும் நிலைக்காது என்று பதில் வரலாம். அந்தப் பதிலை இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் உள்ள கல்லறை ஒன்று பொய்யாக்கிவிட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் படைவீரர் அல்லர். குடியரசுத் தலைவர் என்ற முறையில் முப்படைகளுக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் அவர் மறைந்தபின், உடல் மதுரைக்கு விமானத்திலும், அங்கிருந்து மண்டபத்துக்கு ஹெலிகாப்டரிலும் வந்தது. ஜூலை 30 அன்று முழு அரசு மரியாதையோடு பேக்கரும்பில் அடக்கம் நடந்தது. நிலத்தை மாநில அரசு தந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் கட்டிய நினைவகம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அங்கே போய் நின்று பாருங்கள்: அதே காற்று, அதே மணல், அதே வெயில்தான். கல் பளிச்சென்றிருக்கிறது, தரை கூட்டப்பட்டிருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது. பொறுப்பு இன்னாருக்கு என்று எழுதி, அதற்குப் பணமும் ஒதுக்கிவிட்டால் இந்தக் கடற்கரையில் ஒரு கல்லறையைப் பேண முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் யாருக்கும் கேட்கவில்லை. பராமரிப்பு என்னும் அந்த ஒழுங்கில் சிறு பங்கு போதும்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறையும் ஒப்பிடத் தக்கது. 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த, நிலையாகப் பேண இயலாத போர்க்கல்லறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 1952இல் அது அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடங்கியிருக்கின்றனர். அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற வேறுபாடு அங்கே இல்லை. வளாகத்தின் பின்பகுதியில் முதல் உலகப் போர்க்கால நினைவுச்சுவர் ஒன்று இருக்கிறது; கல்லறையை எக்காலமும் பேண முடியாத ஊர்களில் அடங்கிப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். உடல் ஓரிடத்தில், பெயர் பேணத் தகுந்த மற்றோரிடத்தில் என்ற இந்த ஏற்பாடு நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. களத்தில் விழுந்தவருக்கு நாடு தன் கடமையைச் செய்திருக்கிறது. பணியாற்றித் திரும்பியவருக்கு அத்தகைய கல் நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் அதுவும் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் தேசியக் கல்லறைகள் ஒருபுறம் இருக்க, மாநிலங்கள் தாமே நடத்தும் முன்னாள் படைவீரர் கல்லறைகளுக்கென 1978இல் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தனர். கட்டும் செலவை மத்திய அரசு ஏற்கிறது; நடத்தும் பொறுப்பு மாநிலத்துக்கு. இன்று அத்தகைய கல்லறைகள் நூற்றுக்கும் மேல். போரில் இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அவப்பெயரோடு வெளியேற்றப்படாமல் பணியாற்றியிருந்தால் போதும். குழி, அதைத் தோண்டி மூடுவது, பெயர்க்கல், என்றைக்குமான பராமரிப்பு ஆகியவற்றுக்கு வீரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. 2000ஆம் ஆண்டு முதல், குடும்பத்தினர் கேட்டால் குறைந்தது இருவர் சீருடையில் வந்து கொடியை மடித்துக் கையில் தந்து, இறுதி இசையை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்நாட்டுத் தேசியக் கல்லறை நிர்வாகம் அடக்கத்திலிருந்து 60 நாட்களுக்குள் கல் நட்டாக வேண்டும் என்று தனக்கே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு, அதில் எத்தனை விழுக்காடு நிறைவேறியது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான். இன்னின்ன நாளுக்குள் என்று எழுதிவைத்த சேவையைத்தான் குடிமக்கள் கேட்டுப் பெற முடியும்.

அந்த முறையை அப்படியே இங்கே நடுவதற்கில்லை. நம்மவர்கள் தம் தாய் தகப்பன் அடங்கிய மண்ணில் அடங்கவே விரும்புகிறார்கள். ஏர்வாடிப் பக்கத்துக்காரரை அவருடைய ஜமாஅத்திலிருந்தும், பாம்பன்காரரை அவருடைய பங்கிலிருந்தும் பிரித்து மாவட்டத் தலைநகரில் அடக்குவது மரியாதை ஆகாது. எரிக்கப்பட்டவரின் அஸ்தி அக்கினி தீர்த்தத்தில் கரைந்துவிடுகிறது. அவருக்குக் கல் நட இடமே இல்லை. ஆகவே அடக்கம் அவரவர் ஊரிலும், கல்லும் பராமரிப்பும் அரசின் பொறுப்பிலும் இருப்பதே நமக்கு ஏற்றது. எல்லாப் பதவிக்கும் ஒரே அளவில், கம்பி சேராத, மதுரைப் பக்கம் எளிதில் கிடைக்கும் கருங்கல்லில், பெயிண்ட் இல்லாமல் ஆழ வெட்டிய எழுத்தில், தமிழில் பெயரும் படை எண்ணும் பிரிவும் பணியாற்றிய ஆண்டுகளும் பொறித்த ஒரு கல்லைக் கொடுக்கலாம். கோவிலோ ஜமாஅத்தோ அவரவர் முறைப்படி அதை எங்கே வைக்க அனுமதிக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளட்டும். கல் வைக்கும் வழக்கம் இல்லாதவர்களுக்கும், அஸ்தி கரைத்தவர்களுக்கும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கும் இராமநாதபுரத்தில் ஒரு பெயர்ச்சுவர் வேண்டும். அது கடலோரத்தில் வேண்டாம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கடற்கரை இது. மணல்மேடு இடம் மாறும் இடத்தில் நிலையான எதையும் கட்டக் கூடாது.

உறவினர் எவரும் இல்லாமல் இறப்பவர்களையும் மறக்கக் கூடாது. மனைவி முந்திக்கொண்டு, மக்கள் இல்லாமல், வாடகை அறையில் தனியே இறக்கும் முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக மட்டும், பெயர்ச்சுவரை ஒட்டியே சிறிய அடக்க நிலம் ஒன்றை ஒதுக்கினால் போதும். உடலை எடுப்பதிலிருந்து கல் நடுவது வரை நல அலுவலகமே குடும்பமாக நின்று செய்ய வேண்டும்.

உயிரோடிருப்பவர்களின் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிடுவதை விட்டுவிட்டு கல்லுக்குச் செலவிடுவதா என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். அது நியாயமான கேள்வி. கொடி நாள் நிதியிலிருந்து கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகும் தொகையில் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கருங்கல்லின் விலை ஒரு முறைச் செலவு. ஆண்டுக்கு இருமுறை முள் வெட்டுவதை நூறு நாள் வேலையைப் போல ஊராட்சி வழியாகவே செய்விக்கலாம். எளிய சிப்பாயின் வீட்டில் இன்றைக்கு அந்தச் சிமென்ட் மேடையையே கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். அதுவும் சில மழைக்காலங்களில் வெடித்துவிடுகிறது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் குறைதீர்க் கூட்டம் நடைபெறுகிறது. அடுத்த கூட்டத்தில் இது குறித்து மனுக் கொடுக்க எங்களில் சிலர் எண்ணியிருக்கிறோம். மனுவில் மூன்று கோரிக்கைகள் இருக்கும்: எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், அடக்கத்திலிருந்து 60 நாட்களுக்குள் அதை நடுவது, பெயர்ச்சுவருக்கு நகரில் இடம். தங்கள் ஊரில் எழுத்து அழிந்த சமாதி இருந்தால், அதன் ஒளிப்படத்தையும் ஓய்வு பெறும்போது படை தந்த டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் ஓய்வூதிய ஆணையின் நகல் போதும். அதுவும் இல்லையென்றால் பலகையில் மிஞ்சியிருக்கும் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெயரும் பிறந்த ஊரும் பிரிவும் தெரிந்தால், ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி முழு எண்ணையும் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.